முக்கால் லிட்டருக்கு ஒரு ‘டக்’

நான் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறேன் என்று ஊரில் பேச்சு. மதுரையில் என் சித்தப்பா, “லண்டன்ல ரேஸ் கார் ஓட்டுறான்” என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். அவர் மனக்கண்ணில் நான் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறேன். நிஜத்தில் அந்தக் காரோடு நான் கழித்த நேரத்தில் பெரும்பகுதி பெட்ரோல் பங்கில், குனிந்தபடி, வரிசையில் நிற்பவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போயிருக்கிறது.

கார் 1972ஆம் வருடத்து எம்ஜிபி. இங்கிலாந்தின் அபிங்டனில் செய்தது; அந்தத் தொழிற்சாலையையே 1980இல் மூடிவிட்டார்கள். 1798 சிசி இன்ஜின், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர், மடக்குகிற துணிக்கூரை. நாற்பது வயதைத் தாண்டிய வண்டி என்பதால் சாலை வரி கிடையாது, வருடாந்தர எம்ஓடி தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. “இந்த ஊர்ல வயசானவங்களுக்கு என்ன மரியாதை பாரு” என்றேன் மனைவியிடம். “காருக்குத்தானே?” என்றாள்.

பெட்ரோல் ஊற்றும் வாய் வண்டியின் பின்பக்கம், நம்பர் பிளேட்டுக்குச் சற்று வலப்புறம். எந்தப் பக்கம் நிறுத்தினாலும் குழாய் எட்டும். இது எனக்குப் புரிய எட்டு மாதம் ஆயிற்று. அதுவரை, வலதுபக்கம் காலியாகட்டும் என்று சமர்த்தாக வரிசையில் காத்திருந்தேன்.

சிக்கல் அதற்கப்புறம்தான். பம்பின் மூக்கு நுனியில் ஒரு சின்னத் துளை இருக்கும். டேங்க் நிறைந்து பெட்ரோல் அந்தத் துளையை மூடியதும், உள்ளே காற்றோட்டம் தடைப்பட்டு விசை ‘டக்’கென்று விழுந்துவிடும். புதுக் கார்களுக்கு நல்ல ஏற்பாடு. என் காருக்கு வாய் அகலம், தொண்டை குட்டை. பெட்ரோல் உள்ளே பாய, உள்ளிருக்கும் காற்று அதே வழியாக வெளியே கிளம்ப, டவுன் பஸ் படிக்கட்டில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் மாதிரி இரண்டும் முட்டிக்கொள்ளும். நுரை பொங்கித் துளையை அடைக்கும். டக். மீட்டரைப் பார்த்தால் முக்கால் லிட்டர். டேங்க் கொள்ளளவு 54 லிட்டர். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முதல் நாள் பதினொரு லிட்டரோடு, “போதும், பக்கத்துலதான் போறேன்” என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு வந்தேன்.

‘டக்’ மட்டும் என்றால் பரவாயில்லை. சில நேரம் அது துப்பும். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது என்பதால் ஐந்து சதவீதத்தோடு நிற்கும் சூப்பரைத்தான் போடுகிறேன். ஆக, பங்கில் இருப்பதிலேயே விலை கூடிய பெட்ரோலைத்தான் பம்பருக்கும் என் முழங்கைக்கும் அபிஷேகம் செய்துகொண்டிருக்கிறேன்.

அப்படி அபிஷேகமான ஒரு வெள்ளிக்கிழமை, ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போகிற வழி. சட்டையின் வலது கை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஈரம். கார் கூரையைத் திறந்துவிட்டால் காற்றில் காய்ந்துவிடும் என்று மனைவிக்கு விளக்கினேன். காய்ந்தது, வாசனை காயவில்லை. சன்னதியில் கற்பூரத் தட்டு வரிசையாக வந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் நாலு பேர், மூன்று பேர், இரண்டு பேர். சுடர் நெருங்க நெருங்க என் கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. குருக்கள் தட்டை நீட்டினார். நான் ஒரு அடி பின்வாங்கி, தூரத்திலிருந்தே தலையை மட்டும் ஆட்டினேன். அவர் இன்னும் ஒரு அடி முன்னால் வந்தார். நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் மனைவியின் காதில், “அவர் கும்பிட மாட்டாரோ?” என்று கேட்டாராம். “அவரு பெட்ரோல்” என்று என் மனைவி பதில் சொன்னதாகக் கேள்வி.

அரை டேங்கோடு ஓடிப் பழகியவனுக்கு நடுவழியில் நிற்பதும் பழகிவிடும். பெட்ரோல் முள் எப்போதும் பாதியில் நிற்கும். பாதி என்பது அதன் சொந்த அபிப்பிராயம். சாவியைத் திருப்பினால் எஸ்யூ மின்பம்பு டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர்கள் நிறைந்ததும் அடங்க வேண்டும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் டேங்கில் சரக்கில்லை என்று அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது டிக்டிக்டிக்கென்று விடாமல் அடிக்க, “பாத்தியா, இன்னிக்குப் பம்பு என்ன சுறுசுறுப்பு!” என்று மகளிடம் பெருமைப்பட்டேன். மூன்றாவது நிமிடம் கார் நின்றது. பச்சை பிளாஸ்டிக் கேனோடு நடந்து போய் வாங்கிவந்து ஊற்றியதில், ஷூவுக்குப் போக மிச்சம் காருக்குக் கிடைத்தது.

என் வீட்டருகே இருக்கும் பங்கில் இரவில் கல்லாவில் உட்காருகிறவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். அவர் பங்க் என்று சொல்ல மாட்டார், ‘பெற்றோல் ஷெட்’. எங்கள் அறிமுகமே ஒலிபெருக்கியில்தான் நடந்தது. இந்த ஊரில் பச்சைக் கைப்பிடி பெட்ரோல், கறுப்பு டீசல். புதிய பெட்ரோல் கார்களில் டீசலின் தடித்த மூக்கு நுழையாது. என் காரின் அகல வாய் எதையும் வாங்கிக்கொள்ளும். போன் பேசாதே என்ற பலகைக்கு நேர் கீழே போன் பேசிக்கொண்டே நான் கறுப்பைச் செருகியபோது, “நாலாம் நம்பர் தம்பி! உது டீசல்! எடுங்கோ, எடுங்கோ!” என்று வளாகம் முழுக்கத் தமிழ் முழங்கியது. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. நாலாம் பம்பில் நின்றவன் தமிழன் என்று எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். “முழிச்ச முழியிலை” என்றார்.

அதற்கடுத்த வாரம், என் ‘டக் டக்’ பொறுக்காமல் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வெளியே வந்தார். “விடும், நான் அடிக்கிறன்.” மூக்கை அரைவட்டம் திருப்பித் தலைகீழாகப் பிடித்தார். முழுக்கச் செருகாமல் இரண்டு விரல்கடை வெளியே இழுத்து வைத்துக்கொண்டார். விசையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழுத்தவில்லை. “ஆறுதலா அடிக்கோணும் தம்பி. காத்து வெளியிலை போக வழி விடோணும்.” மீட்டர் ஓடியது. பத்து, இருபது, முப்பத்தெட்டு. ஒரு டக் இல்லை. நான் காரின் சொந்தக்காரன் இல்லை என்பதுபோல் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

போர் நடந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வரத் தடை. அங்கே அவர் ஆஸ்டின் ஏ ஃபோர்ட்டி டாக்ஸி ஓட்டியிருக்கிறார், மண்ணெண்ணெயில். கிளப்புவதற்கு மட்டும் கார்புரேட்டருக்குள் சில சொட்டுப் பெட்ரோல். கிளம்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அந்தப் பழைய ஆஸ்டின் இன்ஜின், என்னுடையதற்குப் பெரியப்பா முறை. ஒரு போத்தல் பெட்ரோலை வாரக்கணக்கில் வைத்து ஓட்டியவர், என் பம்பரிலிருந்து சொட்டுவதைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. பழந்துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அவர் செய்தபடியே தலைகீழாக, இரண்டு விரல்கடை, மூன்றில் ஒரு பங்கு என்று நானும் பலமுறை செய்துபார்த்துவிட்டேன். டக். எனவே இப்போது நான் முள்ளைப் பார்ப்பதில்லை. அவருடைய ஷிப்டைத்தான் பார்க்கிறேன். செவ்வாய், வியாழன், சனி இரவு. ஜூலையில் மகள் கல்யாணத்துக்கென்று அவர் மூன்று வாரம் லீவில் கனடா போனார். அந்த மூன்று வாரமும் கார் போர்வைக்கு அடியில் கிடந்தது. மழைக்காகத்தான் எடுக்கவில்லை என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அந்த மூன்று வாரத்தில் ஒரு பொட்டுத் தூறல்கூட இல்லை.