எல்லாம் தெரியும், விடை மட்டும் தெரியாது

மங்கோலியாவின் தலைநகரம் எது என்று நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் உலான் பாட்டர் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். இதுவரை யாரும் எழுப்பிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். 1985இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு ‘க்விஸ் டைம்’ நடத்தியபோது, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து போட்டியாளர்களுக்கு முன்பே விடையைக் கத்திப் பழகிய ஜென்மம் நான். விடை தப்பாக இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. சரியாக இருந்தால் அப்பாவே திரும்பிப் பார்ப்பார். ஒரு மனிதன் கெட்டுப்போக இதைவிட என்ன வேண்டும்?

அந்தத் தெம்பில்தான் பிற்பாடு க்விஸ் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே போனால் யாரும் தலைநகரம் கேட்பதில்லை. அது குழந்தைகள் சமாச்சாரமாம். கேட்பதெல்லாம் ‘கனெக்ட்’. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலு தகவலை வீசுவார்கள். அவற்றைத் தைத்து ஐந்தாவதைச் சொல்லவேண்டும். நல்ல கேள்வி என்றால் மனப்பாடம் செய்தவனுக்கு மட்டும் திறக்கக்கூடாது, உட்கார்ந்து யோசித்தால் கேள்விக்குள்ளிருந்தே வழி கிடைக்கவேண்டும் என்பது அவர்கள் சித்தாந்தம். “ஒர்க் அவுட் பண்ணலாம் சார்” என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒர்க் அவுட் ஆனதில்லை.

ஒரு மாலை க்விஸ் மாஸ்டர் இப்படிக் கேட்டார்: “அமெரிக்காவில் ஒரு குளத்தங்கரையில் குடில் கட்டிக்கொண்டு ஓர் எழுத்தாளர் வாழ்ந்தார். அந்தப் பக்கத்துக் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் அனுப்பிய வியாபாரிக்குச் சென்னையில் ஒரு கிடங்கு இருந்தது. பிற்காலத்தில், 1897இல், அதே கட்டிடத்தில் ஒருவர் வந்து தங்கினார். அவருடைய குருவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் தொடங்கிய நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்து நோபல் பரிசு வாங்கியவர் யார்?”

இந்தக் கேள்வி எனக்காகவே பிறந்தது என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் திருவல்லிக்கேணி மேன்ஷனில் குடியிருந்தவன் நான். ஐஸ் ஹவுஸ் வாசலைத் தாண்டித்தான் கடற்கரைக்குப் போவேன். 1842இல் எழுந்த கட்டிடம். பாஸ்டனிலிருந்து ஃபிரடெரிக் ட்யூடர் மரத்தூள் போட்டுப் பொதிந்து அனுப்பிய பனிக்கட்டி, மாதக்கணக்காகக் கடலில் வந்து, உருகியது போக மிச்சம் இங்கே இறங்கியது. குளத்தங்கரை எழுத்தாளர் தோரோ. தன் வால்டன் குளத்துத் தண்ணீரை மெட்ராஸ்காரர்களும் குடிக்கிறார்கள் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். நம் வெயிலைப் பற்றி அவருக்குத் தகவல் போயிருக்கிறது பாருங்கள்! பனிக்கட்டி வியாபாரம் படுத்த பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் அந்த மாளிகையை வாங்கினார். அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கேதான் ஒன்பது நாள் தங்கினார். குரு, ராமகிருஷ்ண பரமஹம்சர். தொண்டைப் புற்றுநோய். டாக்டர்...

இங்கே வண்டி நின்றுவிட்டது. கல்கத்தா டாக்டர், கல்கத்தா நிறுவனம், கல்கத்தா நோபல். கையைத் தூக்கி “தாகூர்!” என்றேன்.

கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒருவர், மிகவும் மரியாதையாக, “கவிதையில ஆராய்ச்சியா சார்?” என்று கேட்டார்.

விடை சர் சி.வி. ராமன். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார். 1876இல் அவர் தொடங்கியது இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். நிதித்துறையில் அதிகாரியாக இருந்துகொண்டே, வேலை நேரம் போகக் கிடைத்த நேரத்தில் ராமன் அங்கே போய் ஆராய்ச்சி செய்யத் தொடங்கினார். 1930இல் நோபல். அந்த ராமன் படித்த மாநிலக் கல்லூரி, ஐஸ் ஹவுஸ் இருக்கும் அதே கடற்கரைச் சாலையில், நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. நான் தினமும் நடந்து போன தூரம்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே மாலையில் முதல் சுற்றில், “இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியவர் யார்?” என்று நேரடியாகவே கேட்டார்கள். அரங்கத்தில் விடை சொன்ன ஒரே ஆள் அடியேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. பரமஹம்சருக்கு வைத்தியம் பார்த்தவர் மகேந்திரலால் சர்க்கார் என்பதும் தெரியும். பரமஹம்சருடைய வாழ்க்கை வரலாற்றில் டாக்டரோடு நடந்த வாக்குவாதங்களை ரசித்துப் படித்திருக்கிறேன். ஆனால் என் தலைக்குள் அந்த சர்க்கார் வேறு, இந்த சர்க்கார் வேறு. அஞ்சறைப் பெட்டியில் சகலமும் இருக்கிறது, ரசம் வைக்கத்தான் ஆளில்லை.

இணைக்கத் தெரியாதவன் என்றாவது முடித்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. இணைக்கக்கூடாத இடத்தில் பிரமாதமாக இணைப்பேன். விஜய் டி.வி.யில் ஜெகன் நடத்திய ‘கனெக்‌ஷன்’ மாதிரி, படங்களைச் சேர்த்து சினிமாப் பெயர் கண்டுபிடிக்கும் விளையாட்டு எங்கள் வீட்டில் எல்லா விசேஷத்துக்கும் உண்டு. ஒரு தீபாவளிக்குத் தங்கை மகன் செல்போனை நீட்டினான். ஒரு நாய், பக்கத்தில் ஒரு துப்பாக்கி. எனக்குப் பொறி தட்டியது. நாய் என்றால் பாவ்லோவ். துப்பாக்கி என்றால் செக்காவ். முதல் காட்சியில் சுவரில் துப்பாக்கி தொங்கினால் பிறகு அது வெடித்தாகவேண்டும் என்று சொன்னவர். இருவரும் ரஷ்யர்கள். பாவ்லோவ் நோபல் வாங்கியது 1904. செக்காவ் இறந்ததும் 1904! எழுந்து நின்றே சொன்னேன், “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு!”

“நாயகன், மாமா” என்றான் பையன். நாய், கன். நாலாம் வகுப்பு படிக்கிறான்.

ராமன் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்த வருஷமும் 1904தான் என்பதை அப்புறம் கவனித்தேன். அவனிடம் போய்ச் சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். என் சங்கிலியில் ஒரு கண்ணிகூடப் பழுதில்லை. கேள்வி கேட்டவன் போட்ட சங்கிலி அதுவல்ல, அவ்வளவுதான். எதையும் எதோடும் முடிச்சுப் போடலாம் என்பதுதான் இதில் உள்ள தொல்லை. பி.பி.சி.யில் 2008இலிருந்து ‘ஒன்லி கனெக்ட்’ என்று ஒரு நிகழ்ச்சி வருகிறது. அதில் ஒரு சுற்றில் பதினாறு குறிப்புகளை நாலு நாலாகப் பிரிக்கவேண்டும். தப்பான கூட்டில் சேர்ப்பதற்கென்றே சில குறிப்புகளை வேண்டுமென்று வைப்பார்கள். உலகத்தில் யாருக்காக இப்படி வலை விரிக்கிறார்கள் என்று முன்பெல்லாம் யோசிப்பேன். இப்போது யோசிப்பதில்லை.

மனசுக்கு ஆறுதல் எதிர்பாராத திக்கிலிருந்து வந்தது. செயற்கை நுண்ணறிவுக்காரர்களும் இந்த மாதிரிச் சங்கிலிக் கேள்விகளை வைத்துத்தான் கணினியைச் சோதிக்கிறார்களாம். 2018இல் ‘ஹாட்பாட் க்யூஏ’ என்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கேள்விகளைத் திரட்டினார்கள். விக்கிப்பீடியாவின் ஒரே பக்கத்தைப் பார்த்து விடை சொல்ல முடியாது, இன்னொரு பக்கத்துக்கும் போகவேண்டும் என்பது ஏற்பாடு. 2022இல் வேறு சிலர் ஒரு விஷயத்தை அளந்து பார்த்தார்கள். இரண்டு துணைக் கேள்விகளுக்கும் தனித்தனியாகச் சரியாகப் பதில் சொல்லும் கணினி ‘மாடல்’, இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பலமுறை உளறுகிறது. மாடலைப் பெரிதாக்கினால் தெரிந்த தகவல் கூடுகிறது; இந்தக் குறை அந்த அளவுக்குக் குறைவதில்லை. படித்ததும் கண் கலங்கிவிட்டது. என் ஜாதகத்தையே யாரோ ஆராய்ச்சிக் கட்டுரையாகப் போட்டிருக்கிறார்கள்.

கூடவே பரிகாரமும் சொல்லியிருந்தார்கள். நேராக விடைக்குத் தாவாமல், இடைக் கேள்விகளைத் தானே கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பதிலை எழுதிக்கொண்டே போகச் செய்தால் கணினி தேறிவிடுகிறதாம். கணினிக்குச் செல்லுபடியாகும் வைத்தியம் எனக்கு ஆகாதா? அடுத்த க்விஸ்ஸில் முயன்று பார்த்தேன். எழுதத்தான் வரவில்லை, கை நடுங்குகிறது, பேனா உருள்கிறது. வாயால் சொல்லிக்கொண்டே போனேன்.

கேள்வி இது: “1868 ஆகஸ்டில் முழு சூரிய கிரகணத்தைப் பார்க்க ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி வந்து முகாமிட்ட ஊர். அந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பொருளின் குணத்தை அளக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. அது யார் பெயரில்?” விடை தெரிந்த எந்த அணியும் சீட்டில் எழுதி முன்னாலேயே நீட்டலாம் என்பது விதி.

“கிரகணம் பார்த்த பிரெஞ்சுக்காரர் யார்? ழான்சன். ழான்சன் எங்கே வந்தார்? குண்டூர். குண்டூரில் என்ன விசேஷம்?” நிதானமாக, ஒரு படிகூடத் தாண்டாமல், வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியான பாதையில் போய்க்கொண்டிருந்தேன். “மிளகாய்! மிளகாயில் எதை அளப்பார்கள்? காரம். காரத்தை அளப்பது...”

பக்கத்து மேஜையில் இருந்த கல்லூரிப் பெண்கள் அதற்குள் ‘ஸ்கோவில்’ என்று எழுதிச் சீட்டை நீட்டிவிட்டார்கள். கூடுதல் மதிப்பெண்ணும் கிடைத்தது. அவர்களில் ஒருத்தி என் பக்கம் திரும்பி, “குண்டூர் வரைக்கும் கொண்டுவந்து விட்டதுக்கு ரொம்ப தேங்க்ஸ், அங்கிள்” என்றாள். அடுத்த கேள்விக்கு நாற்காலியையும் கொஞ்சம் எங்கள் மேஜைப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.