மொய் நோட்டை வைத்து டைமண்ட் ஆவது எப்படி?

முதலில் பீரோவைத் திறந்து மொய் நோட்டை எடுங்கள். உங்கள் கல்யாண நோட்டு, தங்கச்சி சடங்கு நோட்டு, மகனுக்குக் காது குத்திய நோட்டு மூன்றும் வேண்டும். அப்பா காலத்து நோட்டு கரையானுக்குத் தப்பியிருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் சேர்க்கும் பிசினஸின் ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் கோட்டு போட்ட ஒருவர் வெள்ளைத்தாளை நீட்டி, "தெரிஞ்சவங்க நூறு பேரோட பேர எழுதுங்க சார்" என்பார். இதற்கு நேம் லிஸ்ட் என்று பெயர். பக்கத்து ஃபிளாட்டில் யார் குடியிருக்கிறார் என்று தெரியாத சென்னைக்காரர்கள் இந்த இடத்தில் பேனாவைக் கடிப்பார்கள். திண்டுக்கல்காரர்களான நமக்கு அந்தத் தொல்லை இல்லை. பெயர், ஊர், தொகை என்று மூன்று தலைமுறையாக எழுதி வைத்திருக்கிறோம். நம்மை யார் எவ்வளவு மதிக்கிறார் என்பது ரூபாய்க் கணக்கிலேயே இருக்கிறது. ஐம்பத்தொன்று எழுதியவரை விட்டுவிடுங்கள். ஐயாயிரத்தொன்று எழுதிய தாய்மாமன் வீட்டுக்கு முதலில் வண்டியைத் திருப்புங்கள்.

போகும்போது கோட்டும் டையும் அவசியம். சித்திரை வெயிலில் நாகல்நகர் மேம்பாலத்தில் கோட்டோடு டூவீலரில் போகிற ஆளை ஊரே திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும், விளம்பரம்தானே. போனில் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிடாதீர்கள். "வீட்லதான இருக்கீங்க? ஒரு நல்ல விஷயம், நேர்ல வந்து பேசுறேன்" என்றால் போதும். பெண்ணுக்கு வரன் கொண்டுவருகிறீர்கள் என்று நினைத்து வடை, கேசரியோடு காத்திருப்பார்கள். கேசரியைச் சாப்பிட்டு முடிக்கும் வரை வாயைத் திறக்காதீர்கள்.

"என்ன பிசினஸ் மாப்ள?"

"சொன்னாப் புரியாது மாமா. ஒருநாள் வந்து பிளானப் பாருங்க."

"பூட்டா?"

"இல்ல மாமா."

"பிரியாணியா?"

"அதுவும் இல்ல மாமா."

இதற்கு மேல் அவருக்குக் கேள்வி இருக்காது. திண்டுக்கல்லில் அவருக்குத் தெரிந்த பிசினஸ் முடிந்துவிட்டது. பூட்டுத் தொழில் வேறு அலிகார் பூட்டு வந்த பிறகு படுத்தேவிட்டது. 2019-இல் புவிசார் குறியீடு வந்து சேர்ந்தபோது, செய்யும் கைகள் குறைந்துபோயிருந்தன. அந்த இடைவெளியில்தான் நீங்கள் கோட்டோடு நுழைகிறீர்கள்.

யாரிடம் போகக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டன்சத்திரம் மண்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். அங்கே எல்லோரும் கமிஷன் கடைக்காரர்கள். கமிஷன் என்றால் ஒருவர் விற்று ஒருவர் வாங்கி, நடுவில் தக்காளிப் பெட்டி என்று ஒன்று நிஜமாகவே கைமாற வேண்டும் என்ற பழைய பஞ்சாங்கத்தில் ஊறியவர்கள். நிலக்கோட்டைப் பூ வியாபாரிகளும் உதவ மாட்டார்கள். விடியற்காலையில் எடுத்த மல்லிகையைச் சாயங்காலத்துக்குள் தள்ளிவிடத் தெரிந்தவர்களிடம், இரண்டு வருஷம் கெடாத புரோட்டீன் டப்பாவை நீட்டினால், "இத யாரு தெனமும் கேட்டு வருவா?" என்பார்கள். அந்தக் கேள்விக்கான பதிலை மீட்டிங்கில் சொல்லித்தருவதில்லை.

உங்கள் ஆட்கள் வேறு. வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர், வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கும் பட்டதாரி, ஓய்வுபெற்று பி.எஃப். பணம் கைக்கு வந்த வாத்தியார், மகளிர் குழுவில் இருக்கும் மதினி. மதினியை விட்டுவிடவே கூடாது. குழுவில் பதினைந்து பேர் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கிறார்கள். ஒருவர் வந்தால் மீதிப் பேர் வெட்கத்துக்காவது வருவார்கள்.

இனி பிளான் காட்டுவது. போர்டில் ஒரு வட்டம் போட்டு "இது நீங்க" என்று சொல்லுங்கள். கீழே ஆறு வட்டம். "ஆறே ஆறு பேர் போதும் சார். அந்த ஆறு பேர் ஆளுக்கு ஆறு பேர்." 36, 216, 1,296, 7,776 என்று எழுதிக்கொண்டே போய், அந்த இடத்தில் டஸ்டரை எடுத்துவிடுங்கள். இது மிக முக்கியம். கை அரிக்கிறது என்று ஆறாம் படி, ஏழாம் படி எழுதினீர்களோ, தொலைந்தீர்கள். ஏழாம் படியில் மட்டும் 2,79,936 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல் நகரத்தின் மக்கள்தொகை 2,07,327. எட்டாம் படி வரை கூட்டினால் 20 லட்சத்தைத் தாண்டும். கொடைக்கானல் சுற்றுலா வழிகாட்டி, பழனி படிப்பாதையில் உட்கார்ந்திருக்கும் பண்டாரம், தொட்டில் குழந்தை எல்லோரையும் சேர்த்தாலே மாவட்டத்துக்கு 21.6 லட்சம்தான். ஒன்பதாம் படிக்கு ஒரு கோடிப் பேர். அவர்களுக்கு நீங்கள் தேனி, மதுரை என்று கிளம்ப வேண்டும். அங்கேயும் ஒருவர் இதே ஆறு வட்டத்தைப் போட்டுக்கொண்டிருப்பார்.

பத்தாம் வகுப்புப் பையன் எவனாவது பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் வெளியே அனுப்பிவிடுங்கள். பெருக்குத் தொடர் படித்தவன். எந்தப் படியில் நிறுத்தினாலும் ஆறில் ஐந்து பேர் கடைசி வரிசையில், கீழே ஆளில்லாமல் நிற்பார்கள் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவான்.

"கம்பெனி நம்பகமானதா?" என்று யாராவது கேட்பார்கள். வண்டியில் ஏற்றி நிலக்கோட்டை சிப்காட்டுக்குக் கூட்டிப்போங்கள். 1959-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தொடங்கிய ஆம்வே, 500 கோடி ரூபாய்க்கு மேல் போட்டு, இந்தியாவில் தன் முதல் ஆலையை 2015-இல் திறந்தது அங்கேதான். நீங்கள் வேறு கம்பெனியாக இருந்தாலும் பரவாயில்லை, "இந்த மாதிரிதான் நம்மளும்" என்று மதில் சுவரைக் காட்டலாம். ஆனால் அவர் கையில் செல்போன் இருந்தால் கொஞ்சம் ஜாக்கிரதை. 2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை அந்தக் கம்பெனியின் 757.77 கோடி ரூபாய்ச் சொத்தை முடக்கியபோது, திண்டுக்கல் மாவட்டத்து நிலமும் ஆலைக் கட்டடமும் பட்டியலில் இருந்தன என்று தேடி எடுத்துவிடுவார். நேரடி விற்பனை என்ற போர்வையில் நடந்த பிரமிடு மோசடி என்றது அமலாக்கத்துறை. 2011-இலிருந்து நடக்கிற விசாரணை, ஒத்துழைத்துத்தான் வருகிறோம் என்றது கம்பெனி. நீங்கள் உடனே 1979-க்குத் தாவிவிட வேண்டும். அந்த வருஷம் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஆம்வே பிரமிடு அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. அதே தீர்ப்பில், வருமானத்தைப் பெரிதாக்கிச் சொல்லி ஆள் பிடிக்கக்கூடாது என்று உத்தரவிட்டதை நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை. சீன அரசாங்கம் நேரடி விற்பனையையே மொத்தமாகத் தடை செய்த 1998-இல்தான் ஆம்வே நம் நாட்டில் கடை விரித்தது என்பதையும் அப்படியே விட்டுவிடலாம். வளரும் நாட்டில் வாய்ப்புக்குப் பஞ்சமில்லை. ஒரு கதவு சாத்தினால் இன்னொன்று.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. பணச்சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நடத்துகிறவர் மட்டுமல்ல, உறுப்பினராகச் சேர்கிறவரும் குற்றவாளிதான். ஆகவே தாய்மாமனைச் சேர்க்கும்போது, "நாம ஒரே குடும்பம் மாமா" என்று நீங்கள் சொல்வதில் பொய்யே இல்லை. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் இன்னும் நாகரிகமானவை. அடையாள அட்டை இல்லாமல், முன் அனுமதி வாங்காமல் விற்பனையாளர் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக்கூடாது. சின்னாளபட்டி அத்தை வீட்டு வாசலில் கழுத்தில் அட்டையோடு நின்று, "உள்ளே வர அனுமதி உண்டா அத்தை?" என்று கேட்டுப் பாருங்கள். அத்தை திருஷ்டி சுற்றிப் போடுவார்.

மாதக் கடைசி வந்தால் க்ளோசிங். இவ்வளவு பாயிண்ட் எடுத்தால்தான் சில்வர், டைமண்ட் என்கிற ரேங்க் நிற்கும். உங்களைச் சேர்த்துவிட்ட அப்லைன் போன் போடுவார்: "சில்வர் போயிருச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து வரணும் பிரதர். பன்னெண்டாயிரம்தான் குறையுது." அந்தப் பன்னிரண்டாயிரத்துக்கு நீங்களே வாங்கிவிடுங்கள். பணமில்லையா? அதற்குத்தான் மதினியின் குழு லோன் இருக்கிறது. வாங்கிய டப்பாக்களைக் கட்டிலுக்கு அடியில் அடுக்குங்கள். அங்கே இடம் தீர்ந்தால் பூஜை அறை.

இதெல்லாம் கேள்விப்பட்டு எழுதுவதல்ல. என் மச்சான் ஒருநாள் கேசரி சாப்பிட வந்தான். பத்து மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு குடும்பம் நாலு வருஷம் தேய்த்தாலும் தீராத டூத்பேஸ்ட் சேர்ந்தது. எனக்குக் கீழே வந்தவர்கள் மூன்று பேர்: என் சித்தப்பா, தெருமுனை டெய்லர், என்னோடு பள்ளியில் படித்த ஒருவன். மூவரும் மொய் நோட்டில் இருந்தவர்கள். அந்தப் பேஸ்ட்டை இன்றும் தேய்க்கிறேன், நுரை நன்றாகவே வருகிறது.

மொய்யும் ஒரு சங்கிலிதான் என்று மச்சான் அன்று வாதாடினான். பாதி உண்மை. நான் எழுதியதை அவர் கொஞ்சம் கூட்டித் திருப்பி எழுதுவார், அதைக் கூட்டி நான் எழுதுவேன். ஆனால் போட்ட கை தெரியும், வரும் கையும் தெரியும். மொய் எழுத வந்தவரிடம், "நாளைக்கு ஆறு பேரைக் கூட்டிட்டு வாங்க, அப்பத்தான் உங்க பணம் திரும்பும்" என்று எந்தக் கல்யாண வீட்டுக்காரரும் சொன்னதில்லை.

ஏமாந்தவர்கள் உங்களைத் தேடி வருவார்களே என்று பயப்படாதீர்கள். பணம் போட்டவர்களைப் போல விசுவாசிகள் கிடையாது. கைப்பேசியில் விளம்பரம் பார்த்தால் தினமும் காசு என்ற மைவி3 ஆட்ஸ் மீது போலீஸ் வழக்குப் போட்டது. 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்க அல்ல; கம்பெனிக்கு ஆதரவாக. கேட்டால் கம்பெனி நின்றுவிடும், நின்றால் போட்டது போய்விடும். சித்தப்பாவும் அப்படித்தான் வெகுநாள் எனக்காக மற்றவர்களோடு சண்டை போட்டார். பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

கடைசியாக, மீதிச் சரக்கு. ஓ.எல்.எக்ஸில் போட்டால் பாதி விலைக்கும் ஆள் வராது. விசேஷ வீடுதான் வழி. சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து வருகிறது. பத்திரிகை தபாலில் வந்தாலும் போய்விடுங்கள். நல்ல ஜிகினாத்தாளில் இரண்டு புரோட்டீன் டப்பாவைச் சுற்றி, மண்டப வாசலில் மொய் எழுதுகிற மேசையில் வையுங்கள். சித்தப்பாவின் பழைய நோட்டும் அங்கேயே இருக்கும். அவர் உங்கள் கல்யாணத்துக்கு எழுதியது, நீங்கள் அவர் மகள் கல்யாணத்துக்கு எழுதியது எல்லாம் அதில் உண்டு. எழுதுகிறவர் பேனாவைத் திறந்து, பெயரும் ஊரும் எழுதிவிட்டு, ஜிகினாத்தாளைக் கொஞ்சம் விலக்கிப் பார்ப்பார்.

"இத எவ்வளவுன்னு போட? டப்பால இருக்கிற ரேட்டா, இல்ல கடைல வித்தா என்ன வருமோ அதுவா?"

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்கிறது. மைக்கில் உங்கள் பெயரை ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். சித்தப்பா பந்தியிலிருந்து திரும்பிப் பார்க்கிறார். சீக்கிரம் ஒரு தொகையைச் சொல்லுங்கள்.