விழாப் பரிசில் பெயர் பொறித்தல்: மௌலா அலியை முன்வைத்து ஓர் ஆய்வு

டீலர் மீட், கண்காட்சி, கம்பெனி ஆண்டுவிழா ஆகியவற்றில் வந்தவர் கையில் திணிக்கப்படும் பொருள்களைப் பற்றி நம் அறிஞர்கள் காக்கும் மௌனம் வியப்புக்குரியது. கொடுமணல் பானை ஓட்டில் கீறிய பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பவர்கள், 'அன்பளிப்பு' என்று பெயர் வெட்டிய எவர்சில்வர் டப்பாவை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் ஹைதராபாத்தின் மௌலா அலி. ரயில்வேயின் டீசல் லோகோ ஷெட், அணு எரிபொருள் வளாகம், சிறு பட்டறைகள் என்று தொழில் மணக்கும் பகுதி. ஆனால் தேர்வுக்குக் காரணம் அதுவல்ல. இத்துறையின் முன்னோடி அங்கே குன்றின் அடிவாரத்தில், தன் தாய்க்குத் தானே எழுப்பிய கல்லறைக்கு அருகில் அடக்கமாகியிருக்கிறார்.

அவர் மஹ் லகா பாய் (1768–1824): நிஜாம் அரசவையின் நர்த்தகி, உருதுக் கவிஞர், ஜாகீர் நிலங்களுக்கு உடையவர். 1799 அக்டோபரில் நாட்டியத்தின் நடுவே, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜான் மால்கம் கையில் தன் கவிதைத் தொகுப்பை நஸராக, அதாவது காணிக்கையாக, கொடுத்தார். அப்பிரதி இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியவை பல. முதலாவது, நேரம். ஆட்டம் உச்சத்தில் இருந்தபோது கொடுத்தார். இன்றைய வழக்கமோ, சாப்பாட்டுக் கூப்பனைக் கிழித்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடுபவரிடம் பையை நீட்டுவது. அடுத்து, ஆள். மால்கம் அப்போது வெறும் கேப்டன். பிற்பாடு பம்பாய் ஆளுநரானார். எந்த டீலர் பெரிய ஆளாவார் என்பதை ஊகிக்கும் இந்தக் கலைக்கு எக்ஸெல் ஷீட் உதவாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது பெயர் வைத்த இடம். கஸலின் கடைசி ஈரடியில் கவிஞர் தம் புனைபெயரைச் சேர்ப்பது மரபு, இவருடையது 'சந்தா'. அதைச் சுரண்டி எடுக்கப் பார்த்தால் கவிதையே தளை தட்டும். நம் தண்ணீர் பாட்டிலில் ஒட்டிய லோகோவோ நாலு தடவை பாத்திரம் தேய்க்கும் நாருக்குத் தாங்குவதில்லை. தாங்கினாலும் கேடுதான். முதுகு முழுக்கக் கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட்டை யாரும் கல்யாணத்துக்கு உடுத்திப் போக மாட்டார்கள். அது நேராக டூவீலர் துடைக்கும் துணியாகிறது. ஆகவே நம் முதல் விதி: லோகோ பெருகப் பெருக, பொருள் பரணை நெருங்கும்.

விதிக்கு விலக்குகளும் உண்டு. மணமக்கள் பெயர் அச்சிட்ட தாம்பூலப் பை, எழுத்து எவ்வளவு பெரிதானாலும் வீட்டில் நிலைக்கிறது, காய்கறிக் கடைக்கும் போய்வருகிறது. தினசரிக் காலண்டரும் அப்படியே. ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டு காலண்டர் ஆல்பம் வெளியாகும்போதே அதன் அரசாட்சி தொடங்கிவிடுகிறது. ராகுகாலம் பார்க்க வேண்டியிருக்கும் வரை அட்டையில் இருக்கும் சிமெண்ட் கடைப் பெயரைச் சகித்துத்தான் ஆக வேண்டும். பயன் இருந்தால் விளம்பரம் மன்னிக்கப்படும் என்பது என் துணிபு.

அரசும் இப்பொருளில் அக்கறை காட்டியிருக்கிறது. 2020 செப்டம்பரில் நடுவண் நிதி அமைச்சகம், அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் காலண்டர், டைரி அச்சிடுவதை நிறுத்தச் சொன்னது. ஜனவரிதோறும் டைரிக்குக் காத்திருந்த மைத்துனர்களின் துயரம் இன்னும் எந்த ஆவணத்திலும் ஏறவில்லை. இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(h) பிரிவு. தாராளத்தின் மீது ஆடிட்டர்கள் காட்டும் சந்தேகம் இதனால்தான்.

இனிப் பரிந்துரை. மௌலா அலியில் மே மாதம் டீலர் மீட் நடத்தும் பட்டறை முதலாளி, பேனாவையும் கீ செயினையும் விட்டுவிட்டு நல்ல குடை கொடுக்கலாம். பெயரைக் கைப்பிடியில் சிறிதாகப் பொறித்தால் போதும். இந்தக் கண்டுபிடிப்பை அத்தகைய ஒருவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "குடை சரி சார். ஆனா மேல இருந்து பார்த்தாலும் பேரு தெரியணும்" என்றார்.