ஏழு லிட்டர் போதாதவர்கள்

1967-இல் செவ்ரலே தன் கார்வெட் காருக்கு எல்88 என்றொரு எஞ்சின் தந்தது. 427 கன அங்குலம், அதாவது ஏழு லிட்டர். காகிதத்தில் 430 குதிரைத்திறன். உண்மையில் ஐந்நூறைத் தாண்டும். அதைவிடச் சாதுவான எல்71-க்கோ 435 என்று போட்டிருந்தார்கள். விவரம் தெரியாதவன் பெரிய எண்ணைப் பார்த்து அதையே வாங்கிக்கொண்டு போகட்டுமே! போதாததற்கு எல்88-இல் ஹீட்டர் கிடையாது, ரேடியோ கிடையாது, 103 ஆக்டேன் பெட்ரோல்தான் குடிக்கும். 'இது ரோட்டுக்கு வேண்டாம் ஐயா' என்று இதைவிடப் பணிவாகச் சொல்ல முடியாது. அந்த ஆண்டு விற்றது இருபதே கார்.

இன்றைய அமெரிக்க ரசிகருக்கு அந்த 427 பத்தவில்லை. 540 கன அங்குலம், 700 குதிரை வேண்டுமாம். எதற்கு? ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடிக்கப் போவதற்கு. முரட்டு கேம்ஷாஃப்ட் போட்டால் நிற்கும்போதே வண்டி குலுங்கும். பாதிப் பணம் அந்தக் குலுங்கலுக்குத்தான். கூடவே வாக்குவம் குறைந்து பவர் பிரேக் கல்லாக இறுகும். ஓட எஞ்சின், நிறுத்த ஓட்டுநரின் தொடை. உயரமான மானிஃபோல்டு பானெட்டில் இடிக்கிறதா? பானெட்டை வெட்டு. ரேடியேட்டர் கொதிக்கிறதா? பெரிதாக மாற்று. பிறகு கிளட்ச், பிறகு பின் ஆக்ஸில்.

சிக்னலில் பக்கத்து மின்சாரக் கார்க்காரர், ஏசியும் பிள்ளைகளுமாக, சத்தமில்லாமல் முந்திப் போவார். பாவம், அவருக்குக் கேம்ஷாஃப்டே இல்லை என்று நம்மவர் இரங்குவார்.