பதிவும் பக்கமும்: ஒரு பேதாபேத விசாரம்

வேர்ட்பிரஸில் புதிதாகத் தளம் தொடங்குகிறவர் முதல் நாளே ஒரு தத்துவச் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார். டாஷ்போர்டின் இடப்பக்கப் பட்டியலில் ‘பதிவுகள்’ என்று ஒரு வரி இருக்கிறது. ஒரு வரி தள்ளி ‘பக்கங்கள்’ என்று இன்னொன்று. இரண்டையும் திறந்தால் அதே வெள்ளைத் திரை, அதே தலைப்பு, அதே ‘வெளியிடு’ பொத்தான். பிறகு எதற்கு இரண்டு? துவைதிகளும் அத்வைதிகளும் இத்தனை நூற்றாண்டு வாதிட்டும் இந்தப் பொருளை ஏனோ தொடவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் நூல் வரலாறு. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நம் இலக்கணிகள் பிரித்த கணக்கில் வேர்ட்பிரஸ் ஒரு வழிநூல். மிஷேல் வால்ட்ரிகி என்பவர் எழுதிய ‘பி2’ என்ற மென்பொருளே முதல்நூல். அவர் அதைத் தொடராமல் விட்டபோது, அமெரிக்காவில் இருந்த மேட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தில் இருந்த மைக் லிட்டிலும் அந்த நிரலை எடுத்து வளர்த்து, 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ் என்ற பெயரில் வெளியிட்டார்கள். பிறர் நூலை எடுத்தாண்டால் நம்மிடையே அதற்கு வேறு பெயர். அங்கே ஜிபிஎல் உரிமமே அதற்கு இடம் கொடுத்திருந்தது. பெரிய பதிப்புகளுக்கு ஜாஸ் இசைக்கலைஞர்களின் பெயரைச் சூட்டுவதும் அவர்கள் வழக்கம், 1.0 பதிப்பு மைல்ஸ் டேவிஸின் பெயரைத் தாங்கியது. இச்செய்திக்கும் நம் விசாரத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் இப்படி ஒன்றிரண்டைச் சேர்க்காவிட்டால் ஆய்வுக் கட்டுரை கனக்காது.

இனித் தடையும் விடையும்.

பதிவும் பக்கமும் உடன்பிறந்தவை அல்லவோ எனின், அல்ல. தொடக்கத்தில் பதிவு மட்டுமே இருந்தது. 2005இல் வந்த 1.5 பதிப்பில்தான் பக்கம் பிறந்தது. ஆகவே பதிவு மூத்தது, பக்கம் இளையது. தீம் என்னும் அலங்காரமும் அதே பதிப்பில்தான் வந்தது என்பதால், பக்கம் பிறக்கும்போதே உடுத்திக்கொண்டு பிறந்தது என்றும் கொள்ளலாம்.

அஃதேல் இரண்டும் வெவ்வேறு பொருள்களோ எனின், அதுவும் அன்று. தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டு திகைப்பார்கள். பதிவுகளும் பக்கங்களும் ஒரே அட்டவணையில் கிடக்கின்றன. அந்த அட்டவணையின் பெயரே ‘போஸ்ட்ஸ்’ என்றுதான் முடிகிறது. ‘இது பதிவு’, ‘இது பக்கம்’ என்று ஒரு கட்டத்தில் குறித்திருப்பது மட்டுமே வேறுபாடு. அதோடு விட்டதா? நீங்கள் ஏற்றிய புகைப்படத்தின் விவரம், மெனுவில் சேர்த்த ஒவ்வொரு வரி, ஒரு சொல்லை மாற்றி மாற்றிச் சேமித்த பழைய வரைவுகள் எல்லாமே அதே அட்டவணையில்தான் இருக்கின்றன. எல்லாம் பதிவே. பரம்பொருள் ஒன்று, தோற்றங்கள் பல. இந்த இடத்தில் அத்வைதிகள் எழுந்து கைதட்டக்கூடும்.

அவசரப்பட வேண்டாம். நடைமுறையில் பேதம் உண்டு. பதிவுக்கு நாள் முக்கியம். புதியது மேலே வர, பழையது கீழே இறங்கும். அதற்கு வகையும் குறிச்சொல்லும் உண்டு. பக்கம் காலத்துக்குக் கட்டுப்படாது. ஒரு பக்கத்துக்குக் கீழே இன்னொரு பக்கத்தைத் துணைப் பக்கமாக வைக்கலாமே தவிர, வகை கிடையாது. கடையின் முகவரியைப் பதிவாகப் போட்டுவிட்டுத் தள்ளுபடி அறிவிப்புகளைப் பக்கங்களாகப் போட்ட ஒரு ஜவுளிக்கடைக்காரரைக் கற்பனை செய்யுங்கள். ஆறு மாதத்தில் மெனு முழுக்க முடிந்துபோன தள்ளுபடிகள் நிற்கும். முகவரியோ, பொங்கல் வாழ்த்துக்கும் ஆடி விற்பனைப் படங்களுக்கும் அடியில் எங்கோ போயிருக்கும்.

வகையைப் பற்றி ஒரு சிறு கிளை ஆய்வு. வகை குறிக்காமல் வெளியிட்ட பதிவை வேர்ட்பிரஸ் ‘வகைப்படுத்தப்படாதவை’ என்ற வகையில் சேர்த்துவிடும். வகையில்லாததற்கும் ஒரு வகை! இயல்பு வகையாக இருக்கும்வரை இதை நீக்கவும் முடியாது. பெயரை வேண்டுமானால் மாற்றலாம். நம் அலுவலகங்களில் ‘இதர’ என்று எழுதிய கோப்பு எப்போதும் தடிமனாக இருப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

அடுத்தது ஸ்லக். இதில்தான் தமிழருக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. எனவே சற்றுத் தங்குவோம். பதிவின் இணைய முகவரியில் கடைசியில் வரும் துண்டே ஸ்லக். தலைப்பைத் தட்டியதும் வேர்ட்பிரஸ் அதிலிருந்து தானே ஒன்றைச் செய்துகொள்ளும். அதற்கு ஒதுக்கிய இடம் 200 குறிகள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம் போதும். தமிழில் ஒவ்வொரு குறியும் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக மாறி ஒன்பது இடம் பிடிக்கும். அதிலும் ‘க’வுக்கு ஒன்பது, ‘க்’ என்றால் புள்ளிக்குத் தனியாக ஒன்பது, ஆகப் பதினெட்டு. நம் இலக்கணத்தில் ‘க’வுக்கு ஒரு மாத்திரை, ‘க்’குக்கு அரை மாத்திரை. ஒலியில் பாதியானது இடத்தில் இருமடங்கு கேட்கிறது. மாத்திரைக் கணக்கை இப்படித் தலைகீழாகப் புரட்டிய முதல் இலக்கணம் யூனிகோடாகத்தான் இருக்க வேண்டும்.

விளைவைப் பாருங்கள். ‘எங்கள் கடையின் தீபாவளித் தள்ளுபடி’ என்று ஒருவர் தலைப்பிடுகிறார். கணக்குப் போட்டால் ‘எங்கள்’ 54, ‘கடையின்’ 63, ‘தீபாவளித்’ 81, இடைவெளி இரண்டு, சரியாக 200. முகவரி அங்கேயே நின்றுவிடும். கடை இருக்கிறது, தீபாவளி இருக்கிறது, ஒற்றுகூட மிகுந்து நிற்கிறது, தள்ளுபடியைத்தான் காணோம். அந்த இணைப்பை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெரும்பாலும் சதவீதக் குறிகளின் ஊர்வலமாகப் போய்ச் சேரும். பெறுகிறவர் மோசடி இணைப்பு என்று அஞ்சி அழித்துவிடுவார். பரிகாரம் எளிது. வெளியிடுமுன் ஸ்லக் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் இரண்டு சொல் தட்டிவிடலாம், அல்லது தமிழிலேயே ‘தீபாவளி’ என்று சுருக்கிவிடலாம். தமிழ்ப்பற்றுக்கு இரண்டாம் வழி உகந்தது. நான் முதல் வழிக்காரன்.

தீம், பிளகின், விட்ஜெட் ஆகியவற்றை விரைந்து கடப்போம். தீம் தோற்றத்தைக் கவனிக்கும், பிளகின் வேலையைக் கூட்டும். தீமை மாற்றினால் எழுதியது அழியாது. ஆனால் ஓரப்பட்டையில் இருந்த விட்ஜெட்டுகள் சில ‘செயலற்றவை’ என்ற பிரிவுக்கு வனவாசம் போகும். தரமற்ற பிளகின் ஒன்றைச் சேர்த்தால் தளம் முழுக்க வெள்ளையாகிவிடும் காலம் ஒன்று இருந்தது. 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, நிர்வாகிக்கு மின்னஞ்சலில் ஓர் இணைப்பு வரும். அதன் வழியே உள்ளே போய்க் குற்றவாளியை நிறுத்திவைக்கலாம். ஆயிரக்கணக்கில் இலவச தீம்கள் கிடைப்பதால், தீம் தேடியே ஓய்ந்து ஒரு வரியும் எழுதாமல் போனவர்கள் ஒரு தனி மரபு.

டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் எல்லா ஆசிரியரும் சொல்லும் உவமை, விலாசமும் வீடும். உவமை ஓரிடத்தில் உடைகிறது: இங்கே வீடு மாறும்போது பழைய கதவு எண்ணைக் கழற்றிப் புது வீட்டில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் ‘டொமைன் வாங்கினேன்’ என்று யாரும் சொல்லக் கூடாது. அது குத்தகை. டாட்காம் போன்றவற்றில் ஒரே நேரத்தில் அதிகம் போனால் 10 ஆண்டுக்குத்தான் கிடைக்கும். புதுப்பிக்க மறந்தால் வேறொருவர் எடுத்துக்கொள்வார்.

பயனர் வருணங்கள் ஐந்து: நிர்வாகி, ஆசிரியர், எழுத்தாளர், பங்களிப்பாளர், சந்தாதாரர். இவர்களில் பங்களிப்பாளர் பரிதாபத்துக்குரியவர். எழுதலாம், வெளியிட முடியாது. படம்கூட ஏற்ற முடியாது. ஆசிரியர் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். சிறுபத்திரிகைக்குக் கவிதை அனுப்பிப் பழகியவர்களுக்கு இந்த நிலையை விளக்கத் தேவையில்லை.

ஆக விசாரத்தின் முடிபு: தரவுத்தளத்தில் அபேதம், தளத்தில் பேதம். மாறாமல் நிற்க வேண்டியது பக்கம், நாள் கடந்தால் பழசாவது பதிவு. ஐயம் வந்தால் மெனுவில் வைக்கத் தகுதி உண்டா என்று கேட்டால் போதும். இம்முடிபுக்கு மூல ஆதாரம் உங்கள் தளத்திலேயே இருக்கிறது. நிறுவும்போதே வேர்ட்பிரஸ் ‘ஹலோ வேர்ல்டு’ என்று ஒரு மாதிரிப் பதிவையும் ‘சாம்பிள் பேஜ்’ என்று ஒரு மாதிரிப் பக்கத்தையும் போட்டுத் தருகிறது. தளம் தொடங்கி ஆண்டுகள் ஆன பின்னும் இரண்டையும் அப்படியே வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இன்றே நீக்கிவிடுங்கள். பயப்பட வேண்டாம், 30 நாள்வரை குப்பைத் தொட்டியில்தான் இருக்கும். ஆய்வுக்குத் தேவைப்பட்டால் மீட்டுக்கொள்ளலாம்.