மதுரை மாப்பிள்ளை டெல்லியில் பட்ட கடன்

டெல்லி முனிர்காவுக்குக் குடிவரும் தமிழனை முதலில் வரவேற்பது கடன்தான். வீட்டுக்கார ஜாட் பெரியவருக்கு அட்வான்ஸ், வெயிலுக்குக் கூலர், குளிருக்கு ரஜாய். முதல் சம்பளம் வருவதற்குள் செலவு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும். எனக்கும் அப்படித்தான். மொராக்கோப் பயணி இப்னு பதூதாவைப் படிக்கும்வரை அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

முனிர்காவில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிறுத்தம் ஹௌஸ் காஸ். இறங்கிக் காலு சராய் சந்துகளுக்குள் நடந்தால் பிஜய் மண்டல் என்றொரு இடிந்த மேடு வரும். முகமது பின் துக்ளக்கின் ஆயிரம் தூண் அரண்மனை இருந்த இடம் அதுதான் என்கிறார்கள். துக்ளக் என்றால் நமக்கு 1968-இல் சோ போட்ட நாடகம். தலைநகரை மாற்றிய கோமாளி. ஆனால் அவருடைய அலுவலகம் எப்படி நடந்தது என்பதை நமக்குச் சொல்லிவிட்டுப் போனவர் அந்த மொராக்கோக்காரர்தான்.

1334 வாக்கில் முப்பது வயதில் டெல்லி வந்தார். சுல்தானுக்கு ஒரு பழக்கம்: யார் பரிசு கொண்டுவந்தாலும் அதைவிடப் பல மடங்கு திருப்பித் தருவார். இதை நம்பி, வருகிறவர்களுக்குப் பரிசு வாங்கக் கடன் கொடுக்கவே சிந்துப் பக்கத்தில் வணிகர்கள் கடை விரித்திருந்தார்கள். நம் ஆளும் வாங்கினார். காஜி (நீதிபதி) வேலை கிடைத்தது. ஆண்டுக்கு 12,000 தினார். "எனக்கு இந்த ஊர் மொழி தெரியாது, சட்ட மரபும் வேறு" என்று இழுத்தார். அதற்கென்ன, இரண்டு உதவியாளர்கள் வேலை பார்ப்பார்கள், நீர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் சுல்தான். ஆர்.கே. புரம் அரசுக் கட்டடங்களைத் தினமும் கடந்துபோகிற எனக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

விரைவிலேயே கடன் 55,000 தினார். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? நம் சங்கப் புலவர்களின் பழைய தொழிலைக் கையில் எடுத்தார்: சுல்தானைப் புகழ்ந்து அரபியில் ஒரு பாட்டு. சுல்தான் உருகி, கடனை அடைக்கச் சொன்னார். பணம் வரவில்லை. கோப்பு எங்கோ படுத்துவிட்டது. உடனே கடன் கொடுத்தவர்களையே கூப்பிட்டு, "நான் அரண்மனைக்குள் நுழையும்போது வாசலில் மறித்துக் கூச்சல் போடுங்கள்" என்று சொல்லிக்கொடுத்தார். போட்டார்கள். சுல்தான் காதில் விழுந்தது. தன்மேல் தானே தர்ணா ஏற்பாடு செய்துகொண்ட அரசு ஊழியர் வேறு யாராவது உண்டா? ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: சுல்தான் கொடையாகத் தரும் எந்தத் தொகையிலும் கஜானாவில் பத்தில் ஒன்று பிடித்துக்கொள்வார்கள். டிடிஎஸ்.

பிறகு வந்தது பயம். சுல்தானின் கோபத்துக்கு ஆளான ஒரு பெரியவரைச் சந்தித்த குற்றத்துக்கு இவரைச் சுற்றிக் காவல் போட்டார்கள். பெரியவர் தலை போனது, இவர் தப்பினார். தப்பியவுடன் துறவு! சொத்தையெல்லாம் தானம் செய்து, ஒரு பிச்சைக்காரரோடு உடையையும் மாற்றிக்கொண்டார். ஐந்து மாதம் குகைச் சாமியாரோடு வாசம். அப்புறம் சுல்தான் குதிரையும் பட்டாடையும் அனுப்பி, "சீனாவுக்குத் தூதராகப் போகிறீரா?" என்றார். ஞானம் அத்தோடு சரி, கிளம்பிவிட்டார்.

கோழிக்கோட்டில், அவர் தொழுகைக்குக் கரையில் நின்ற நேரம் பார்த்துச் சீனாவுக்கான பரிசுகளை ஏற்றிய கப்பல் மூழ்கியது. வெறுங்கையோடு துக்ளக் முன் போய் நிற்க அவர் என்ன முட்டாளா? மாலத்தீவு, இலங்கை என்று சுற்றி நம் கரைக்கு வந்து சேர்ந்தார். மதுரையில் சுல்தானாக இருந்தவர் சொந்தச் சகலை! டெல்லியில் இவர் கட்டிய மனைவி, துக்ளக்கை எதிர்த்து மதுரையைத் தனி அரசாக்கிய ஜலாலுதீன் அஹ்சனின் மகள்.

மாமனார் ஊரில் மாப்பிள்ளைக்குக் கொள்ளைக் காய்ச்சல். ஊரே செத்துக்கொண்டிருந்தது. அங்கே மலிந்து கிடந்த புளியில் ஏறத்தாழ ஒரு ராத்தல் (இந்தச் சொல்லும் அரபி மொழி கொடுத்ததுதான்) எடுத்துக் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போனது, கூடவே காய்ச்சலும் போனது. எழுந்து உட்கார்ந்ததும், இந்த ஊர் பிடிக்கவில்லை என்று, சகலை இறந்தபின் பட்டத்துக்கு வந்திருந்த புதிய சுல்தானிடம் விடை கேட்டார்.