ஐந்நூற்றொன்றாவது யூனிட்

பரமத்தி வேலூரில் ஏசி இருக்கிற வீடு எது என்று கேட்டால் தெருவுக்கு நாலு காட்டுவார்கள். ஏசி ஓடுகிற வீடு எது என்றால்தான் யோசிப்பார்கள்.

நம் மாமா வீட்டு ஹாலில் இருப்பது ஒன்றரை டன், ஐந்து ஸ்டார், இன்வெர்ட்டர். ரிமோட் பீரோவில், நிலப் பத்திரத்துக்குப் பக்கத்தில். சித்திரை வெயிலில் வேர்த்து வழிந்து போய் நின்றால், "வா மாப்ளே, ஏசியப் போடட்டுமா?" என்பார். 'வேண்டாங்க மாமா' என்று நாம்தான் சொல்ல வேண்டும். வெட்கத்தை விட்டு "போடுங்க" என்று சொல்லிவிட்டால், பீரோவுக்குப் போகமாட்டார், வாசலுக்குப் போவார். மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து "412" என்பார். அதற்கு மேல் நாம் என்ன பேசுவது?

வெற்றிலைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுக்க மீட்டர் கணக்குதான். காலையில் ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று. ராத்திரி மீட்டரில் சிவப்பு விளக்கு வேகமாகச் சிமிட்டினால், "உள்ள எவன்டா என்ன போட்டிருக்கறான்?" என்று வாசலில் இருந்தே குரல் வரும். மிக்சி ஓட்டிக்கொண்டிருக்கும் அத்தை பதறி நிறுத்துவார்.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் பில் 1,130 ரூபாய். 501 ஆனால் 1,786. ஒரே ஒரு யூனிட்டுக்கு 650 ரூபாய்க்கு மேல் தண்டம். மாமா ஒருமுறை அந்தக் குழியில் விழுந்தார். 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியபோது மொத்த பில் கூடியது. ஆனால் அந்த ஒரு யூனிட் வித்தியாசம் சுமார் 230 ரூபாயாகக் குறைந்தது. சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். அவருக்கு 501 என்றைக்கும் 501தான். நோட்டில் 480 ஏறிவிட்டால், கணக்கெடுக்க ஆள் வரும்வரை குடும்பமே பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடும்.

அப்படியே ஏசியைப் போட்டாலும் 18இல் வைப்பார். "சீக்கிரம் குளுந்துருமல்ல?" பத்து நிமிஷத்தில் அணைத்துவிட்டு ஃபேன். புழுங்க ஆரம்பித்ததும் மறுபடி 18. இன்வெர்ட்டர் ஏசி அறையைக் குளிர்வித்த பிறகுதான் கம்ப்ரஸரை மெதுவாக்கி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும். கூடுதல் காசு கொடுத்து வாங்கியதே அந்த மெதுவான ஓட்டத்துக்காகத்தான். அது தொடங்குகிற நேரம் பார்த்து மாமா அணைத்துவிடுவார். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 முதல் ஸ்டார் முத்திரை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியும் வந்தாயிற்று. மாமாவிடம் சொன்னேன். "24க்கு ஏசி எதுக்கு மாப்ளே? காவேரிக் காத்து போதாதா?"

இவரேதான் வெற்றிலைக் கொடிக்கால் மோட்டார் ராத்திரி பூராவும் ஓடினாலும் எட்டிப் பார்க்காதவர். அது விவசாய இணைப்பு, இலவச மின்சாரம்.

கஞ்சன் என்றும் சொல்ல முடியாது. கல்யாண வீட்டில் மொய் எழுதக் கை கூசாது. போன ஆடிப் பதினெட்டுக்கு வந்த கூட்டத்துக்கெல்லாம் கறிச்சோறு போட்டு அனுப்பினார். ஆனால் பின்கட்டு அறையில், கான்கிரீட் கூரைக்கு அடியில், அவருடைய அம்மா, நம் அமுச்சி, விசிறியோடு படுத்திருக்கிறார். நடு மத்தியானத்தில் அவரை ஹாலில் படுக்கவைத்து 26இல் ஓடவிட்டால், அரை மணி நேரத்துக்கு முக்கால் யூனிட்கூடத் தாண்டாது. கணக்கு ஏற்கெனவே குழியைத் தாண்டிப் போயிருந்தாலும் பத்து ரூபாய்க்குள் முடிகிற காரியம். பெற்ற தாய்க்கு அதுகூட இல்லை என்றால், அந்த ஐந்து ஸ்டாரைக் கழற்றி விற்றுவிடலாம். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

மற்றபடி நல்ல மனுஷர். பார்க்கப் போவதானால் மீட்டர் கணக்கெடுத்த மறுநாளாகப் பார்த்துப் போங்கள். முதல் 100 யூனிட் அரசாங்கமே இலவசமாகத் தருவது. அன்றைக்கு நீங்கள் கேட்காமலே ஏசி ஓடும்.